அடுத்த ஆட்டத்தில் எங்கள் கோயில் வருமா?

டாதோங்

டாதோங்கில் நூடுல்ஸ் மாவை இழுப்பதில்லை, சீவுகிறார்கள். கடைக்காரர் ஒரு பெரிய மாவுக்கட்டியைக் கையணைவாகத் தாங்கிக்கொண்டு, வளைந்த தகட்டால் சரசரவென்று சீவ, சீவல்கள் பறந்துபோய்க் கொதிக்கிற அண்டாவில் விழுகின்றன. ஒரு சீவல்கூட வெளியே விழவில்லை. மேசைக்கு மேசை கறுப்பு வினிகர் ஜாடி. சோளத்தில் செய்து வருஷக்கணக்கில் பழக்கிய சரக்கு. ஷான்சி மாகாணத்துக்காரர்கள் அதை ஊற்றாமல் எதையும் சாப்பிடுவதில்லை. நான் தக்காளி முட்டைக் குழம்பு ஊற்றிய கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் நாலு இளைஞர்கள் ஏதோ வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே சிவப்பு முத்திரைகள் குத்திய சின்னப் புத்தகம் ஒன்று கிடந்தது.

“ஜோங் குய் பத்திதான் பேசுறாங்க, மாமா” என்றான் அக்கா மகன். அவன் சீனாவில் மருத்துவம் படிக்கிறான். இந்தப் பயணமே அவன் போட்ட திட்டம். மொழியும் அவன் பொறுப்பு.

விஷயம் தெரியாதவர்களுக்காக: 2024 ஆகஸ்ட் 20 அன்று ‘பிளாக் மித்: வூகோங்’ என்ற வீடியோ கேம் வெளியானது. யுவான் சுவாங்கின் இந்தியப் பயணத்தை வைத்துப் பின்னாளில் எழுதப்பட்ட ‘மேற்குப் பயணம்’ நாவலின் குரங்கு வீரன் சுன் வூகோங்தான் அதன் மூலக்கரு. ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் வகை. கேம் சயின்ஸ் என்ற நிறுவனம் செய்தது. விலை 268 யுவான், நம் காசில் 3,000 ரூபாய்க்கு மேல். மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. சில கம்பெனிகள் வெளியீட்டு நாளன்று ஊழியர்களுக்கு லீவே விட்டன. விளையாட்டில் வரும் கோயில்களும் குகைகளும் சிலைகளும் கற்பனை அல்ல. நிஜ இடங்களை அளந்து, ஸ்கேன் செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்கள் 36. அவற்றில் 27 இந்த ஒரு மாகாணத்தில்.

அதனால் மாகாணச் சுற்றுலாத் துறைக்கு அடித்தது யோகம். வூகோங்கைப் பின்தொடர்ந்து ஷான்சியைச் சுற்றுங்கள் என்று கூப்பிட்டு, கோயிலுக்குக் கோயில் முத்திரை குத்திக்கொள்ளவும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். அந்தச் சின்னப் புத்தகம் அதுதான். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2025 ஆகஸ்டில், அதே நிறுவனம் அடுத்த விளையாட்டை அறிவித்தது. ‘பிளாக் மித்: ஜோங் குய்’. பேய் பிடிக்கிற சாமி. புலி மேல் ஏறி வரும் ஒரு தாடிக்காரரை முன்னோட்டத்தில் காட்டினார்கள். வெளியீட்டுத் தேதி சொல்லவில்லை.

பக்கத்து மேசை வழக்கு இதுதான். கண்ணாடிப் பையன் கட்சி: வூகோங் கதையையே இன்னும் நீட்டி ஒரு தொடர்ச்சி விட்டிருக்க வேண்டும், பாதியில் விட்டுவிட்டார்கள். குட்டை முடிப் பெண் கட்சி: அரைத்த மாவை அரைப்பதைவிடப் புதுசு மேல். மூன்றாமவன் இரண்டு பேரையும் மட்டம் தட்டினான். புது விளையாட்டு இப்போதைக்குக் காலி ஃபோல்டர் மாதிரிதான் என்று நிறுவனமே ஒத்துக்கொண்டிருக்கிறதே, எதற்குச் சண்டை? நாலாவது ஆள் பேசவே இல்லை. வினிகரை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் யுன்காங் குகைகளில் அதே கூட்டத்தைப் பார்த்தோம். வடக்கு வெய் அரசர்கள் கி.பி. 460-ஐ ஒட்டித் தொடங்கிய வேலை. மணற்பாறையில் 51,000 சிலைகள். 20ஆம் எண் குகையின் முன்சுவர் எப்போதோ விழுந்துவிட, உள்ளே இருந்த 13.7 மீட்டர் புத்தர் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் அவரைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு 8ஆம் எண் குகையின் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஒரு பக்கம் மூன்று தலை, எட்டுக் கையோடு காளை மேல் மகேசுவரன். எதிர்ப்பக்கம் ஐந்து தலை, ஆறு கையோடு ஒரு பறவை மேல் குமரன். கையில் வில் இருக்கிறது. பறவையின் அலகில் ஒரு மணி. கழுத்தை வளைத்து, நெஞ்சை முன்தள்ளி, மேலே ஆள் உட்கார்ந்திருக்கிற கனமே தெரியாமல் நிற்கிறது. இங்கே ஊளையிடுகிற காற்றில், கோபி பாலைவனத்துக்குத் தெற்கே, தகப்பனும் மகனும் எதிரெதிரே வாசல் காத்துக்கொண்டு!

“அஞ்சு தலைதான்டா இருக்கு” என்றேன்.

“ஆறாவது பின்னாடி சுவத்துக்குள்ள இருக்கும், மாமா. எல்லாத்தையும் முன்னாடியேவா காட்டுவாங்க?”

குட்டை முடிப் பெண் எங்களைக் கவனித்துவிட்டு வந்து விசாரித்தாள். அந்தப் பறவைக்காரர் எங்கள் ஊர்ச் சாமி, மலைக்கு மலை கோயில் இருக்கிறது, சூரன் என்ற அசுரனைப் பிளந்து ஒரு பாதியைச் சேவலாகவும் மறு பாதியை அந்த மயிலாகவும் ஆக்கினார் என்று அவன் சொல்லி முடித்தான். அவள் கேட்ட கேள்வி: “சூரனுக்கு எத்தனை கட்டம்?” அதாவது தோற்கடித்தால் மறுபடி வேறு உருவத்தில் எத்தனை முறை எழுந்து வருவான் என்று. மாமரமாக நின்றது வரைக்கும் கணக்குப் போட்டுச் சொன்னான். அவளுக்குப் பரம திருப்தி.

யிங் வட்டம்

டாதோங்கிலிருந்து தெற்கே வரும் சாலையில் நிலக்கரி லாரிகளும் அறுத்த சோளக் காடுகளும்தான். அந்தத் தட்டை நிலத்தில் தூரத்திலிருந்தே தெரிகிறது மரக் கோபுரம். 1056இல் கட்டியது. உயரம் 67.31 மீட்டர். முழுக்க மரம். தூணும் உத்திரமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் முடிந்தது 1010. அதன் உயரமும் சுமார் 66 மீட்டர். ஐம்பது வருஷ இடைவெளிக்குள், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டத்தார், ஒரே உயரத்தைத் தொட்டிருக்கிறார்கள். ஒருவர் கருங்கல்லில், ஒருவர் மரத்தில். நம்முடையது அசையாமல் நிற்கிறது. இது முறுக்கிக்கொண்டு சாய்கிறது. இரண்டாம் தளத்துத் தூண்களின் சாய்வு வெறுங்கண்ணுக்கே தெரியும். மேல் தளங்களுக்கு யாரையும் விடுவதில்லை. எப்படி நிமிர்த்துவது என்று நிபுணர்கள் பல வருஷமாக விவாதிக்கிறார்களாம்.

எங்களை ஏற்றி வந்த டாக்சிக்காரர் கோபுரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறாராம். ஆனால் விளையாட்டு பற்றிக் கேட்டதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். மகன் வாங்கி வைத்திருக்கிறானாம், புலிப்படைத் தளபதியிடம் ஒரு மாசமாக அடி வாங்கிக்கொண்டிருக்கிறானாம். போன வருஷத்திலிருந்து சவாரிக்குக் குறைவில்லை. “புதுசு ஒன்று வருகிறதாமே. அதில் எங்கள் கோபுரம் இருக்குமா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டார். சீனம் பேசும் அயல்நாட்டுப் பையனுக்கு உள்தகவல் இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிறகு வழியெல்லாம் இதே கேள்வியை வேறு வேறு ஆட்களிடமிருந்து கேட்டோம்.

பிங்யாவ்

மதில் சூழ்ந்த பழைய நகரம் அழகுதான். ஆனால் இரவில் அது சிவப்பு விளக்குக் கடைவீதியாகிவிடுகிறது. ஊருக்கு வெளியே ஷுவாங்லின் கோயிலுக்குப் போனால் போதும். அங்கே வெய்துவோ என்ற காவல் தெய்வம் ஆள் உயரத்தில் களிமண்ணில் நிற்கிறார். இடுப்பு ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கமாக உடம்பை முறுக்கி, அடுத்த நொடியில் பாய்வதற்கு மூச்சு பிடித்திருக்கிற நிலை. இவரும் ஸ்கந்தன் வழிவந்தவர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மயிலும் வேலும் போய்விட்டன. வீரம் மட்டும் தங்கியிருக்கிறது.

அவர் முன்னால் ஒரு பையன் சப்பணமிட்டு உட்கார்ந்து பென்சிலால் வரைந்துகொண்டிருந்தான். நாங்கள் மற்ற மண்டபங்களைச் சுற்றிவிட்டு வந்தபோதும் அதே இடத்தில் இருந்தான். தோள் பட்டையின் மடிப்பில் மாட்டிக்கொண்டிருந்தான். நம் ஊரில் ஆயிரங்கால் மண்டபத்துத் தூணில் இதற்குச் சற்றும் குறையாத சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றில் சாய்ந்துகொண்டு புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன். ஓவியக் கல்லூரி மாணவர்களைத் தவிர, ஒரு தூணின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்த யாரையும் பார்த்த நினைவில்லை. நமக்குக் கருவறை போதும். இங்கே பெரும்பாலான கோயில்களில் பூசையே இல்லை. எண்ணெய் இல்லை, கற்பூரம் இல்லை, வரிசை இல்லை. சாமி சிலையாகிவிட்டதில் எனக்கு ஒரு வருத்தம். சிலையாகிவிட்டதால்தான் பார்க்கிறார்கள் என்பதையும் மறுக்க முடியவில்லை.

ஜின்செங்

ஒரு கிராமத்து ஓரத்தில் மாமன்னர் கோயில், சொர்க்கத்தை ஆளும் ஜேட் பேரரசருக்கு. முன்முற்றங்களைக் கடந்து கடைசி முற்றத்துக்குப் போனால், பக்கத்து மண்டபத்தில் 28 நட்சத்திரங்கள் ஆள் உருவில் இருக்கின்றன. யுவான் வம்சக் காலத்துக் களிமண். ஒவ்வொன்றோடும் ஒரு விலங்கு.

நாம் 27 நட்சத்திரம் என்போம். அபிஜித்தைச் சேர்த்தால் 28. இங்கே முதலாவது ஜியாவ், நம் சித்திரை. வானத்தில் இரண்டும் ஒரே வெள்ளிப் புள்ளியைத்தான் குறிக்கின்றன. அடுத்தது காங், நம் சுவாதி. நம் பஞ்சாங்கத்திலும் நட்சத்திரத்துக்கு ஒரு விலங்கு உண்டு. கல்யாணப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கு அது அத்துப்படி. சித்திரைக்குப் புலி, சுவாதிக்கு எருமை. இங்கே இரண்டுக்கும் டிராகன் வகை. ஜின்செங்கில் ஜாதகம் பார்த்தால் எத்தனை கல்யாணம் நின்றுபோகுமோ.

கூட்டம் மொத்தமும் காங் முன்னால். பெண் உருவம். விளையாட்டில் அவள் மூன்றாம் அத்தியாயத்தில் பனி மூடிய தரையில் எதிர்த்து வருகிறாள். மின்னலாக இறங்குவாளாம். நாவலில் இதே காங் நட்சத்திரம் எதிரி அல்ல, உதவிக்கு வந்தவர். மஞ்சள்புருவ அரக்கன் வூகோங்கை ஒரு ஜோடித் தாளத்துக்குள் போட்டு மூடிவிடுகிறான். ஈ புகவும் இடுக்கு இல்லை. காங் தன் கொம்பைத் தாளங்கள் சேரும் விளிம்பில் நெருக்கிச் செருகுகிறார். வூகோங் அந்தக் கொம்பிலேயே துளை போட்டு, உடம்பைச் சுருக்கி அதற்குள் பதுங்கிக்கொள்ள, கொம்பை இழுத்தபோது அவனும் வெளியே வந்துவிடுகிறான். விளையாட்டுக்காரர்கள் இவளை எதிரியாக்கியது சரியா என்று ஒரு சின்னப் பட்டிமன்றம் அங்கே நடந்தது. தீர்ப்பு சொல்ல வந்தவர் கோயிலைப் பெருக்கும் பாட்டி. “எதிரியோ, நண்பரோ, வந்து பார்க்கிறீர்களே! முன்பெல்லாம் நாள் முழுக்க நானும் இவர்களும்தான்” என்று 28 பேரையும் துடைப்பத்தால் சுட்டிக் காட்டினார்.

பாட்டிக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அடுத்த ஆட்டத்தில் மிச்சம் 27 பேரையும் போடுவார்களா?

ஷி வட்டம்

மேற்கே போகப் போக நிலம் மஞ்சளாகி, பிறகு பிளக்க ஆரம்பிக்கிறது. காற்று கொண்டுவந்து கொட்டிய மண் மலைகளை மழை அறுத்து அறுத்து ஆழமான ஓடைகளாக்கியிருக்கிறது. அந்த மண்சுவரைக் குடைந்து வீடு கட்டியிருக்கிறார்கள். வளைந்த முகப்பு, காகிதச் சன்னல், வாசலில் காயும் சோளக் கதிர். சரிவுகளில் பேரி மரங்கள். இந்த வட்டத்துப் பேரிக்காய்க்குத் தனிப் பெயர். தோல் மெல்லிசு, கடித்தால் முழங்கை வரை சாறு வழியும்.

ஷியாவ் ஷிதியான் ஒரு குன்றின் மேல் ஒண்டிக்கொண்டிருக்கிற சின்னக் கோயில். 1629இல் தொடங்கியது. விளையாட்டின் மூன்றாம் அத்தியாயம் இதைப் பிரம்மாண்டமாக ஊதிக் காட்டியிருக்கிறது. நிஜத்தில் பிரதான மண்டபம் 170 சதுர மீட்டர்கூட இல்லை. நம் ஊரில் ஒரு சுமாரான கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் இதைவிடப் பெரிசு. ஆனால் அதற்குள் 1,900க்கு மேல் உருவங்கள்.

சிறு சிறு கூட்டமாகத்தான் உள்ளே விடுகிறார்கள். எங்கள் முறை வந்து படி தாண்டியதும் எல்லோரும் ஒரே மாதிரி அண்ணாந்தோம். எதிரே ஐந்து பெரிய புத்தர்கள். அவர்களுக்கு மேலே, இடையே, பக்கத்தில், உத்திரத்தில், இடுக்கில், எங்கு பார்த்தாலும் ஆட்கள். மண்ணும் வைக்கோலும் குழைத்து, மரச்சட்டத்தில் கட்டி, சுவரிலிருந்து முன்னால் தொங்குகிற மாதிரி அமைத்து, தங்கம் பூசியிருக்கிறார்கள். மேகத்தில் மாளிகை, மாளிகையில் மாடம், மாடத்தில் ஆள். உத்திரத்திலிருந்து ஒருத்தி யாழ் போன்ற வாத்தியத்தோடு சாய்ந்து கீழே எட்டிப் பார்க்கிறாள். சின்ன உருவங்கள் கட்டைவிரல் அளவுதான். அதிலும் முகம், அதிலும் புன்னகை. எனக்கு முன்னால் நின்ற பெண் அழுதுகொண்டிருந்தாள். பக்தியா என்று யோசித்தேன். வெளியே வந்ததும் அவளே சொன்னாள்: மஞ்சள்புருவனிடம் தோற்றுத் தோற்று, பல ராத்திரி இதே மண்டபத்தில் செத்திருக்கிறாளாம்.

நான் அதுவரை இந்த ரசிகர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் எண்ணிவந்தேன். சாமியை அடித்து வீழ்த்துகிற விளையாட்டு, பிறகு அதே சாமியோடு செல்ஃபி. ஆனால் தோற்றவர்கள் எதிராளியைப் பார்க்கிற பார்வை வேறு. அவள் அந்தக் கூட்டத்தில் பத்து உருவத்தையாவது பெயர் சொல்லி, எந்தக் கையில் என்ன ஆயுதம் என்று காட்டினாள். பக்தனுக்கும் இவ்வளவு தெரியாது, சுற்றுலா வழிகாட்டிக்கும் தெரியாது.

படிக்கட்டின் அடியில் பேரிக்காய் விற்ற அம்மா, நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே கேட்டுவிட்டார்: “ஜோங் குய் எப்போது வருகிறார்?” போன வருஷம் கூட்டத்தில் காய் பெட்டி பெட்டியாகப் போனதாம். இந்த வருஷம் கொஞ்சம் குறைச்சல். விளையாட்டின் சூடு தணிந்தால் ஊரின் சூடும் தணியும் என்பதை அவரைப் போலச் சுருக்கமாக எந்தப் பொருளாதார நிபுணரும் சொல்லிவிட முடியாது. “பேயோட்டுகிறவர்தானே, இந்த மலைப் பக்கம் ஒருதரம் வந்துவிட்டுப் போகக் கூடாதா?”

சியான்

மாகாண எல்லையைத் தாண்டி, பழைய தலைநகரான சியானில் பயணம் முடிந்தது. யுவான் சுவாங் கொண்டுவந்த சுவடிகளுக்காக 652இல் எழுப்பிய காட்டுவாத்துக் கோபுரம் இங்கே இருக்கிறது. எதிரே சதுக்கத்தில் அவர் வெண்கலத்தில் நிற்கிறார். 640ஐ ஒட்டி அவர் காஞ்சிபுரம் வரை வந்தவர். அங்கிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போக நினைத்தார். இலங்கையில் பஞ்சம், அரசன் இறந்துவிட்டான் என்று அந்தத் தீவிலிருந்து வந்த பிக்குகள் சொல்லவே, திரும்பிவிட்டார். நாவல் எழுதியவருக்குக் காஞ்சி தேவைப்படவில்லை, குரங்கு தேவைப்பட்டது. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, நானும் குரங்கைப் பின்தொடர்ந்துதான் இங்கே வந்தேன்.

நகரத்துக்குத் தெற்கே மங்கலாகத் தெரிகிற ஜோங்னான் மலைதான் ஜோங் குய்யின் ஊர். அதனால் முத்திரைப் புத்தகக் கூட்டத்தில் பாதி இப்போது இங்கே. மதிலோரக் கடையில், இடுப்புப் பட்டை அகலத்துக்கு நூடுல்ஸ் போடுகிற இடத்தில், டாதோங் பெண்ணை மறுபடி பார்த்தோம். கண்ணாடிப் பையனும் இருந்தான். தொடர்ச்சி வேண்டும் என்ற கட்சியை விட்டிருந்தான். இப்போது அவன் கவலை காலம். வூகோங்கின் முதல் காட்சி வந்தது 2020, விளையாட்டு வந்தது 2024. இது காலி ஃபோல்டரில் தொடங்குகிறது என்றால், தனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் வரும். கல்யாணத்துக்குப் பிறகு எவள் விளையாட விடுவாள்? “எவன் விளையாட விடுவான் என்று நானும்தான் யோசிக்கிறேன்” என்றாள் அவள்.

ஜோங் குய் கதையை எனக்காக அவள் சொன்னாள். கிராமத்து ஏழைப் படிப்பாளி. அரசுத் தேர்வில் முதலிடம். ஆனால் முகம் விகாரம் என்று பட்டத்தைத் தர மறுக்கிறார்கள். அரண்மனைப் படியில் தலையை மோதிச் சாகிறான். பின்னால் டாங் பேரரசர் ஷுவான்சோங் ஜுரத்தில் கிடந்தபோது கனவில் ஒரு குட்டிப் பேய் அவருடைய புல்லாங்குழலைத் திருடுகிறது. முரட்டு உருவம் ஒன்று வந்து அதைப் பிடித்துத் தின்றுவிட்டு, நான்தான் அந்த ஜோங் குய் என்கிறது. விழித்தால் ஜுரம் இல்லை. பேரரசர் ஓவியர் வூ தாவ்ஸியைக் கூப்பிட்டுப் படம் வரையச் சொல்கிறார். அன்றிலிருந்து வாசலுக்கு வாசல் அந்தப் படம்.

மேசையில் ஒவ்வொருவரும் அவரவர் தேர்வைச் சொன்னார்கள். அவள் அரசு வேலைத் தேர்வில் நேர்காணல் வரை போய்த் திரும்பியவள். கண்ணாடிப் பையன் கல்லூரி நுழைவுத் தேர்வை இரண்டாம் தடவை எழுதியவன். அக்கா மகன் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தான். பிளஸ் டூவில் அவன் எடுத்த மார்க்கைப் பள்ளிக்கூட வாசலில் பேனர் போட்டார்கள். நீட்டில் ஏதோ கொஞ்சத்தில் அரசு சீட் நழுவியது. அக்கா நகையை வைத்துத்தான் இங்கே அனுப்பினாள். “மார்க் இருந்தும் சீட் இல்லன்னு சொன்னாங்கல்ல மாமா, அதான் இவரைப் பிடிச்சிருக்கு” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அதையே அவர்களிடம் சீனத்தில் சொன்னான். கண்ணாடிப் பையன் எழுந்து அவனுக்கு ஒரு பீர் வாங்கி வந்தான். வூகோங் விற்றதைவிட இது அதிகம் விற்கும் என்று எனக்கு அப்போது தோன்றியது. சொர்க்கத்தோடு மோதியவர்கள் கொஞ்சப் பேர். பரீட்சையோடு மோதாதவர் யார்?

சுவரில் கடைக்காரர் ஒட்டியிருந்த ஜோங் குய் எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். பிதுங்கிய கண், முறுக்கு மீசை, புஸுபுஸுவென்று தாடி. “இவர் நம்ம வீட்டுக் கண் திருஷ்டிப் படம் மாதிரியே இல்ல?” என்றேன். அவன் போனில் தேடி, அக்கா வீட்டு வாசல் நிலைக்கு மேல் மாட்டியிருக்கிற படத்தைக் காட்டினான். கிரகப்பிரவேசத்தன்று எடுத்தது, பாதி வாழைமரம் மறைக்கிறது. மேசையே எழுந்து நின்று பார்த்தது. இவர் எந்தத் தேர்வில் தோற்றார் என்று கேட்டாள் அவள். எங்களுக்குத் தெரிந்து எதிலும் இல்லை, சும்மாவே கோபம் என்று சொல்லச் சொன்னேன். படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னாள். கேம் சயின்ஸுக்கு எழுதப்போகிறாளாம், ஜோங் குய் தெற்குக் கடலோரம் போகிற மாதிரி ஓர் அத்தியாயம் வேண்டும், அதில் இவர் வேண்டும் என்று.

அந்தப் படம் தெளிவாக இல்லையென்று அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டான். வாசலில் போய் நல்லதாக ஒன்று எடுத்து அனுப்பு, கண்ணு ரெண்டும் தெரியணும் என்றான். ஸ்பீக்கரில் அக்கா குரல் கடை முழுக்கக் கேட்டது.

“அதெல்லாம் எடுக்கிறேன். செமஸ்டர் பரீட்சை எப்போ?”